மாத்திரை தீர்ந்தும் தீராத பைலோனிடல் கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால் எலும்புக்குச் சற்று மேலே, இரண்டு பிட்டங்களும் சேரும் பிளவில் வருவது பைலோனிடல் கட்டி. சிலருக்கு அது திடீரென வீங்கிச் சீழ் கோக்கும். சிலருக்கு மாதக்கணக்கில் உள்ளாடையில் கறைபடும் கசிவாக மட்டும் இருக்கும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த பிறகும் கட்டியோ கசிவோ நிற்காதவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

ஒரு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். வலி குறைந்தது, ஆனால் கட்டி போகவில்லை. மருந்து சரியில்லையா?

மருந்து தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது. மிச்சம் இருப்பது மருந்துக்கு எட்டாத விஷயம்.

பிளவின் நடுக்கோட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒன்றோ இரண்டோ சில சமயம் நாலைந்தோ துளைகள் இருக்கும். உதிர்ந்த முடி அவற்றின் வழியே உள்ளே இறங்குகிறது. முடியின் மேல்பரப்பில் செதில்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால், உட்கார்ந்து எழும் ஒவ்வொரு உராய்விலும் அது உள்நோக்கியே நகரும். திரும்பி வெளியே வராது. தோலுக்கு அடியில் சேர்ந்த முடியை உடல் அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. அதைச் சுற்றிச் சதை வளர்கிறது, சீழ் சேர்கிறது, பக்கவாட்டில் இன்னொரு வாய் திறக்கிறது.

ஆன்டிபயாடிக் இரத்தத்தோடு பயணம் செய்யும் மருந்து. சீழ் தேங்கிய குழிக்குள் இரத்த ஓட்டமே கிடையாது. முடியைக் கரைக்கும் மாத்திரையும் இல்லை, நடுக்கோட்டுத் துளைகளை மூடும் மாத்திரையும் இல்லை. சுற்றியுள்ள தோலின் சிவப்பும் காய்ச்சலும் அடங்கும். உள்ளே குழியும் முடியும் அப்படியே இருக்கும். அதனால்தான் பலருக்கு மருந்து நின்ற சில வாரங்களில் மறுபடி வீங்குகிறது.

அப்படியானால் இன்னொரு கோர்ஸ், இன்னும் வலுவான மருந்து சாப்பிட்டால்?

பெரும்பாலும் வீண். மூன்றாவது, நான்காவது கோர்ஸ் என்று போய்க்கொண்டிருந்தால் சிகிச்சை தடம் மாறிவிட்டது என்றே கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிஞ்சும்.

மறுபடி ஆன்டிபயாடிக் தேவைப்படும் நிலைமைகளும் உண்டு: சிவப்பு கட்டியைத் தாண்டிச் சுற்றுத் தோலில் பரவுவது, காய்ச்சல், கட்டுப்படாத சர்க்கரை நோய், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் சாப்பிடுவது, செயற்கை இதய வால்வு இருப்பது. இவற்றிலும் சீழை வெளியேற்றுவதற்குத் துணையாகத்தான் மருந்து. சீழை எடுக்கும்போது கொஞ்சத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று வளர்த்துப் பார்ப்பது) அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் கட்டிகளில் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் அடிக்கடி இருப்பதால், அவற்றையும் தாக்கும் மருந்தா என்று அந்த முடிவைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

இது பைலோனிடல்தான் என்று எப்படி உறுதி செய்வது?

மாத்திரைக்கு அடங்காதபோது நோயின் பெயரே தவறா என்று ஒருமுறை சந்தேகப்படுவது நல்லது. ஒருக்களித்துப் படுத்து, மேல்பக்கப் பிட்டத்தைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, ஃபிளாஷ் போட்டு ஃபோனில் படம் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுக்கோட்டில் கரும்புள்ளி போன்ற துளைகள் தெரியும். சிலவற்றில் முடி நுனி நீட்டிக்கொண்டிருக்கும். நடுக்கோட்டுத் துளை தெரிந்தால் பெரும்பாலும் பைலோனிடல்தான். வாரம் ஒருமுறை அதே நிலையில் எடுத்து வைத்த படங்கள் மருத்துவரிடம் பேசும்போது மிகவும் உதவும்.

அதிகம் குழம்புவது பவுத்திரத்தோடு (ஆசனவாய்க்கு உள்ளிருந்து தோலுக்குத் திறக்கும் புரை). அதன் வாய் ஆசனவாய்க்கு மிக அருகில் இருக்கும், மலம் கழிக்கும்போது வலியோ கசிவோ கூடும். அந்தச் சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் பயன்படும்; தெளிவான பைலோனிடலுக்கு ஸ்கேனே தேவையில்லை. அக்குளிலும் தொடை இடுக்கிலும் இதே போன்ற கட்டிகள் வந்து போனால் அது வியர்வைச் சுரப்பிப் பகுதிகளில் வரும் வேறொரு நீண்டகாலத் தோல் நோயாக இருக்கலாம். நாள்பட்ட வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் குடலையும் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு இந்த இடத்தில் உள்ள குழி முற்றிலும் வேறு விஷயம். அதைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் உடனே போக வேண்டும்?

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நடுக்கம், மணிக்கு மணி பரவும் சிவப்பு, உட்காரவோ படுக்கவோ விடாத துடிக்கும் வலி. சர்க்கரை நோயாளிக்கு இவற்றில் ஒன்றே போதும். தோல் கருநீலமாக மாறினாலோ, பார்வைக்குச் சின்னதாக இருந்தும் வலி தாங்க முடியாததாக இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சீழ் கோத்துவிட்டது. கீறி எடுக்கும்போது என்ன செய்வார்கள்?

மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியைத் திறந்து, சீழை வெளியேற்றுவார்கள். சின்ன வேலைதான், ஆனால் அதில் நான்கு விஷயங்கள் சரியாக நடக்க வேண்டும்.

முதலாவது, கீறல் நடுக்கோட்டில் விழக் கூடாது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் விழ வேண்டும். பிளவின் அடியில் எப்போதும் ஈரமும் உராய்வும் இழுவிசையும் இருப்பதால் அங்கே விழுந்த புண் ஆற மறுக்கும். இரண்டாவது, வாய் போதிய அகலமாக இருக்க வேண்டும். சின்னத் துளை ஓரிரு நாளில் மூடிக்கொண்டு உள்ளே மறுபடி சீழ் கட்டும். மூன்றாவது, உள்ளே இருக்கும் முடிக் கொத்தையும் அழுகிய சதையையும் சுரண்டி எடுத்து உப்புநீரால் கழுவ வேண்டும். சீழ் மட்டும் வந்து முடி தங்கிவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. நான்காவது, உள்ளே வைக்கும் காஸ் துணியைத் தளர்வாக வைக்க வேண்டும். அழுத்தித் திணித்தால் வலியும் கூடும், சீழ் வடியும் வழியும் அடைபடும்.

வீங்கிச் சிவந்த சதையில் மரத்துப்போகும் ஊசி முழுதாகப் பிடிக்காது. பெரிய கட்டி, பயம் அதிகம் என்றால் முதுகுத்தண்டு ஊசியோ மயக்க மருந்தோ கேளுங்கள். அது தவறே இல்லை. வலி பொறுக்க முடியாமல் நீங்கள் நெளிந்தால் உள்ளே முழுதாகச் சுத்தம் செய்வதும் நடக்காது. சீழ் வெளியேறியதும் வலி சட்டென்று இறங்கும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதோடு ஆறிவிடும். மற்றவர்களுக்கு, வீக்கம் வற்ற நாலு முதல் ஆறு வாரம் விட்டு, துளைகளுக்கான நிரந்தரச் சிகிச்சை திட்டமிடப்படும்.

தானாகவே உடைந்து சீழ் வந்துவிட்டது. இனி மருத்துவரிடம் போக வேண்டுமா?

போங்கள், ஆனால் அவசரமில்லை. அழுத்திப் பிதுக்காதீர்கள், சீழ் வெளியே வருவதைவிட அடியில் உள்ள கொழுப்புக்குள் தள்ளப்படும். ஊசியால் குத்தாதீர்கள். வாயில் முடி நீட்டிக்கொண்டு தெரிந்தால், கொதிநீரில் போட்டு எடுத்து ஆறவைத்த இடுக்கியால் மெல்ல உருவலாம். உள்ளே துழாவ வேண்டாம்.

வீட்டில் எதைச் செய்தால் உண்மையில் பலன்?

வெதுவெதுப்பு, சுத்தம், உலர்வு. கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 40 டிகிரி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 10 முதல் 15 நிமிடம் ஒத்தடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. தொட்டியில் உட்காருவதும் சரிதான். குளிக்கும்போது பிளவை விரலால் விலக்கித் தண்ணீர் நேரே அடியில் படும்படி விடுங்கள். மணமில்லாத சோப்பு போதும். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை ஆறிவரும் புதுச் சதையையும் சேர்த்துக் கொல்லும். பிறகு மென்மையான துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். மடித்த காஸ் ஒன்றைப் பிளவுக்குள் நீளவாக்கில் செருகி வைத்தால் இரண்டு பக்கத் தோலும் ஒட்டாமல் ஈரம் உறிஞ்சப்படும். நனைந்ததும் மாற்ற வேண்டும்.

மேலே பூசும் ஆன்டிபயாடிக் களிம்பு ஆழத்தில் இருக்கும் முடிக்குப் போய்ச் சேராது. பற்றுப் போட்டு மூடுவது கசிவை அடைத்துக் கட்டியைப் பெரிதாக்கும்.

வலிக்குப் பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவு, கல்லீரல் நோய், தினசரி மதுப் பழக்கம் இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென் வீக்கத்துக்கு நல்லது, ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து ஆகியவை உள்ளவர்களுக்கு வேண்டாம்.

முடியை எப்படி, எவ்வளவு தூரம் எடுப்பது?

அறுவைச் சிகிச்சை இல்லாமல் இந்த நோயைக் கட்டுக்குள் வைக்க ஒரு வழி இருக்கிறதென்றால் அது இதுதான். ஆனால் பலர் பிளவின் ஓரத்தில் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இடுப்பின் கீழ்ப்பகுதியிலிருந்து ஆசனவாய்க்கு மேல்வரை, துளைகளையும் புண்ணையும் சுற்றி எல்லாத் திசையிலும் 5 சென்டிமீட்டராவது எடுக்க வேண்டும். முதுகு முடி அடர்த்தியாக இருந்தால் அதுவும் கீழே இறங்கிவரும் என்பதை மறக்காதீர்கள்.

திறந்த புண் இருக்கும்போது எலக்ட்ரிக் டிரிம்மர் பாதுகாப்பானது. வாரம் ஒருமுறை போதும். ஒருக்களித்துப் படுத்து, வீட்டில் ஒருவரை ஒரு பக்கத்தை விலக்கிப் பிடிக்கச் சொல்லி அவரையே எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பார்த்துத் தனியாகச் செய்பவர்களுக்கு நடுக்கோட்டில்தான் வெட்டு விழுகிறது. முடிந்ததும் தண்ணீரைப் பீய்ச்சி வெட்டுத் துண்டுகள் அத்தனையையும் கழுவி விடுங்கள். அந்தக் கூரான சின்னத் துண்டுகளே துளைக்குள் இறங்கக் காத்திருப்பவை. வருடக்கணக்கில் ரேசரால் மழிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆறிய பிறகும் தொடர்ந்து மழித்தவர்களுக்கு நோய் திரும்புவது குறையவில்லை, கூடியது என்றே காட்டும் ஆய்வுகள் உண்டு. முடி நீக்கும் கிரீம் புண்ணில் படக் கூடாது. கையில் தடவிப் பார்த்து 24 மணி நேரம் எரிச்சல் இல்லையென்றால் மட்டும் புண் இல்லாத தோலில் பயன்படுத்துங்கள்.

நீண்ட காலத்துக்கு லேசரே நல்ல முதலீடு. நாலு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறிலிருந்து எட்டு அமர்வுகள் தேவைப்படலாம். மாநிறம், கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. மற்றவற்றில் தோல் சுடும் அபாயம் அதிகம். நரைத்த முடிக்கு லேசர் பலிக்காது.

இன்னொன்று. குழிக்குள்ளிருந்து எடுத்த முடிகளை ஆராய்ந்தபோது, பிட்டத்து முடியைவிடப் பின்னந்தலை முடியை ஒத்தவை நிறைய இருந்தன. பல வேரில்லாத வெட்டுத் துண்டுகள். முடி வெட்டிக்கொண்ட நாளில் தலைக்குளியலைத் தள்ளிப்போடாதீர்கள், போட்டிருந்த சட்டையையும் மாற்றுங்கள்.

எந்த அறுவைச் சிகிச்சை நல்லது?

நோயின் அளவைப் பொறுத்தது. எங்கள் கருத்து எளியது: நோய் எவ்வளவோ அவ்வளவுதான் வெட்டு, தையல் கோடு நடுவில் வரக் கூடாது.

இரண்டாம் உலகப் போரில் ஜீப்புகளில் குலுங்கிக்கொண்டே பயணித்த அமெரிக்கப் படையினர் பல்லாயிரம் பேருக்கு இது வந்து, ‘ஜீப் நோய்’ என்றே பெயர் பெற்றது. அகல வெட்டித் திறந்த புண்களோடு அவர்களில் பலர் மாதக்கணக்கில் மருத்துவமனைகளில் கிடந்தார்கள். எலும்பு உறைவரை சதையைத் தோண்டி எடுத்தால் நோய் போய்விடும் என்ற எண்ணம் இன்றும் சில இடங்களில் மிச்சமிருக்கிறது. முடிதான் காரணம், பிளவின் ஆழம்தான் அதற்கு இடம் கொடுக்கிறது என்று 1973-இல் கிரேக்க ராணுவ சர்ஜன் கரிடாகிஸ் வாதிட்டு, தையலைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினார். 1980-இல் அமெரிக்க சர்ஜன் பாஸ்கம் நடுக்கோட்டுத் துளைகளை மட்டும் அரிசி மணி அளவில் எடுத்தாலே பலருக்குப் போதும் என்று காட்டினார்.

இன்று கிடைப்பவற்றைச் சின்னதிலிருந்து பெரியதாகச் சொல்கிறோம். துளைகளை மட்டும் எடுத்து, பக்கவாட்டு வாய் வழியே குழியைச் சுரண்டுவது முதல் வகை. மரத்துப்போகும் ஊசியிலேயே முடியும், ஒரு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பலாம். திரும்ப வரும் வாய்ப்பு பெரிய அறுவையைவிடச் சற்று அதிகம், ஆனால் மறுபடி செய்வதும் எளிது. பீனால் என்ற அரிக்கும் ரசாயனத்தை ஊற்றுவது, லேசர் இழையால் பாதையைச் சுடுவது, கேமராக் குழாய் விட்டு உள்ளிருந்து முடியை எடுப்பது எல்லாம் இதே குடும்பம். பீனால் சுற்றுத் தோலை எரிக்கும். முன்கூட்டியே களிம்பு பூசிப் பாதுகாக்க வேண்டும், பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தேவைப்படும்.

கிளைபிரிந்த, திரும்பத் திரும்ப வந்த நோய்க்கு, பக்கத்துத் தோலை நகர்த்தி மூடும் தோல் மடிப்பு முறைகள்: கரிடாகிஸ் முறை, பாஸ்கமின் பிளவு தூக்கும் முறை, லிம்பெர்க் முறை. மூன்றுமே தையலை நடுவிலிருந்து விலக்குகின்றன, பிளவின் ஆழத்தைக் குறைக்கின்றன. இவற்றில் நோய் திரும்புவது குறைவு. லிம்பெர்க்கில் தழும்பு பெரிதாகத் தெரியும், தோலின் ஒரு பகுதி மரத்துப்போகலாம். வெட்டி எடுத்து நேரே நடுக்கோட்டிலேயே தைப்பதுதான் தவிர்க்க வேண்டியது: தையல் பிரிவதும் நோய் திரும்புவதும் அதில் அதிகம்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை: தையல் கோடு எங்கே முடியும்? இந்த முறையை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? புண்ணைத் திறந்து விடப்போகிறீர்களா, அப்படியானால் டிரஸ்ஸிங்கை யார் செய்வார்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் போனவர்கள்தான் வீட்டுக்கு வந்த பிறகு திண்டாடுகிறார்கள்.

திறந்து விட்ட புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது?

அகல வெட்டித் திறந்த புண் ஆற ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். அடியிலிருந்து மேலாக நிரம்ப வேண்டும். கவனிப்பு முழுக்க அதற்காகத்தான்.

டிரஸ்ஸிங் மாற்றும் முன் வலி மாத்திரை எடுத்து அரை மணி நேரம் விடுங்கள். குளியலில் பழைய காஸை நன்றாக நனைத்து, தானே கழன்று வரும்படி எடுங்கள். உலர்ந்ததைப் பிடித்து இழுத்தால் புதுச் சதை பிய்ந்து இரத்தம் வரும். கை ஷவரால் குழிக்குள் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் விடுங்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் முடியை எடுங்கள். கசிவை உறிஞ்சும் ஆல்ஜினேட் இழையையோ ஈரக் காஸையோ குழியின் அடியைத் தொடும்படி, ஆனால் அழுத்தாமல் இட்டு, மேலே உறிஞ்சும் பட்டை வையுங்கள். நாளுக்கு ஒன்றிரண்டு முறை. மலம் கழித்து அழுக்கானால் அப்போதும்.

கோளாறு ஆவது பெரும்பாலும் மூன்று விதத்தில். மேல் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் வெற்றிடம் தங்கிவிடுவது ஒன்று: பார்க்க ஆறியது போல இருக்கும், இரண்டு வாரத்தில் கசியும். ஒட்டும்போதே கவனித்தால் செவிலியர் விரலாலோ பஞ்சுக்குச்சியாலோ பிரித்துவிடுவார். சதை புண்ணின் மட்டத்தைத் தாண்டிச் சிவந்து பொங்கி வளர்வது இன்னொன்று. தொட்டாலே இரத்தம் கசியும், தோல் அதன் மேல் ஏறி மூடாது. சில்வர் நைட்ரேட் குச்சியால் மருத்துவர் அதை அடக்குவார். மூன்றாவது, நாற்றமும் பழுப்புக் கசிவும் கூடி வாரக்கணக்கில் அளவு குறையாமல் நிற்பது. உள்ளே முடி புகுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முடி இல்லையென்றால் புண்ணில் பூசும் மெட்ரோனிடசோல் ஆன்டிபயாடிக், அல்லது உறிஞ்சும் கருவி பொருத்திய டிரஸ்ஸிங் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

புண்ணின் நீளம், அகலம், ஆழத்தை வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். ஒரு மாதமாக எண்கள் அசையவில்லையென்றால் அதே டிரஸ்ஸிங்கைத் தொடர்வதில் பயனில்லை.

தையல் போட்ட இடம் பிரிந்துவிட்டது. மறுபடி தைக்க வேண்டுமா?

பொதுவாக வேண்டாம். ஓரிரு சென்டிமீட்டர் பிரிந்தால் மேலே சொன்ன டிரஸ்ஸிங்கிலேயே ஆறும். சீழும் காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

உட்காரலாமா? வண்டி ஓட்டலாமா?

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை பிட்டங்களை இழுத்து விரிக்கும். பின்பக்கம் வெட்டு விட்ட, வால் எலும்பு தொங்கலில் நிற்கும் தலையணை நல்லது. தோல் மடிப்பு அறுவைக்குப் பிறகு சர்ஜன் சொல்லும்வரை, பெரும்பாலும் இரண்டு வாரம், நேராக உட்காருவதைக் குறையுங்கள். சைக்கிளும் பைக்கும் புண் முழுதும் மூடிய பிறகுதான்.

புகை, எடை, சர்க்கரை இவை முக்கியமா?

அறுவைச் சிகிச்சை என்றால் மிக முக்கியம். புகைப்பவர்களுக்குத் தையல் பிரிவது அதிகம். குறைந்தது நாலு வாரம் முன்னதாகவே நிறுத்துங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு நாள் குறியுங்கள். எடை குறைந்தால் பிளவின் ஆழமும் வியர்வையும் குறையும்.

இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. துளை மட்டும் தெரிகிறது. முன்னெச்சரிக்கையாக வெட்டிவிடலாமா?

வேண்டாம். முடியை எடுத்துச் சுத்தமாக வைத்தால் போதும். 40 வயதுக்குப் பிறகு இது புதிதாக வருவதே அரிது.

அறுவைக்குப் பிறகும் திரும்ப வந்துவிட்டது. அடுத்து என்ன?

அதே அறுவையை அதே இடத்தில் மறுபடி செய்ய அவசரப்படாதீர்கள். முந்தைய அறுவைக் குறிப்புகளை வாங்குங்கள்: நடுக்கோட்டுத் தையலா, துளை ஏதாவது விட்டுப்போயிற்றா என்று பாருங்கள். புண் முழுதாக ஆறவே இல்லையென்றால் அது பெரும்பாலும் பிளவின் கீழ்நுனியில், ஆசனவாய்ப் பக்கத்தில் நிற்கும் சின்னப் புண்ணாக இருக்கும். அதற்குப் பிளவு தூக்கும் முறை தெரிந்த சர்ஜனைத் தேடிப் போவது தூரமானாலும் தகும். இருபது வருடம்போல ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கும் குழியில் மிக அரிதாகத் தோல் புற்றுநோய் வரும். பழைய புண்ணின் விளிம்பு தடித்துக் கெட்டியானாலோ, எளிதில் இரத்தம் வந்தாலோ, வேகமாகப் பெரிதானாலோ சதைத் துணுக்கு எடுத்துப் பயாப்ஸி செய்யச் சொல்லுங்கள். அறுவையில் வெட்டி எடுத்த சதையையும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி, அந்த முடிவின் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.